நெய்தல் தொழிற்பாடலும் சமூகப் பாடல் பயிலரங்கும்: காரைக்கால்மேட்டை முன்வைத்து

நாட்டுப்புறப் பாடல் பயிலரங்கு என்பது தமிழ்த்துறைகளின் ஆண்டு நிரலில் வழக்கமான நிகழ்வாகிவிட்டது. மூத்த பாடகர் ஒருவர் அவர்தம் ஊரிலிருந்து அழைத்துவரப்படுகிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறது, அவர் பாடும் நான்கைந்து பாடல்களின் வரிகள் திரையில் ஒளிர, மாணவர்கள் அவற்றைத் திரும்பப் பாடுகின்றனர், சான்றிதழ் வழங்கப்பட்டு நாட்டுப்பண்ணுடன் அரங்கு கலைகிறது. இம்முயற்சிகளின் நன்னோக்கத்தில் ஐயமில்லை. ஆயினும் அங்குக் கற்பிக்கப்படுவது பாடலா, பாடல் கழிந்தபின் எஞ்சிய சொற்களா என்னும் வினா இன்னும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவ்வினாவை எழுப்பத் தொழிற்கருவிகள் ஒரே தலைமுறைக்குள் முற்றிலும் மாறிப்போன ஒரு கடற்கரை ஊரே தக்க இடம். காரைக்கால்மேடு அத்தகைய ஊர்.

தொழிற்பாடல்களைப் பொறுத்தவரை பயிலரங்கு கற்பிக்கவேண்டியது முன்பாட்டுக்காரருக்கும் பின்பாட்டுக் குழுவுக்கும் இடையிலான உறவையே என்பதும், ஒப்பாரியைப் பொறுத்தவரை பயிலரங்கு அதனைக் கேட்டுப் பெறவே கூடாது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன.

ஊரும் பாட்டும்

காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சார்ந்தது. நிலவழியில் அதனைத் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் சூழ்ந்துள்ளன. 1739இல் பிரெஞ்சியர் கைக்கு வந்த இப்பகுதி 1954 நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சியுடன் இணைந்தது. இந்த ஆட்சி வரலாறு பாடல் சேகரிப்பையும் ஒருவகையில் பாதித்துள்ளது. தமிழ்நாட்டு மாவட்டங்களை அலகாகக் கொண்டு தொகுப்போர் காரைக்காலைத் தாண்டிச் சென்றுவிடுவதும், புதுச்சேரியை மையமாகக் கொண்டு ஆய்வோர் தொலைவிலுள்ள காரைக்காலை ஓர் இயலின் இறுதியில் மட்டும் தொட்டுச் செல்வதும் எளிதில் நேரக்கூடியவை. அரசலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய கடற்கரையில் கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு, அக்கம்பேட்டை, பட்டினச்சேரி முதலிய மீனவ ஊர்களோடு ஒன்றாகக் காரைக்கால்மேடும் அமைந்துள்ளது. இவ்வூர்களுக்கும் வடக்கே தரங்கம்பாடிக்கும் தெற்கே நாகூருக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை உறவும் வலைத்தொழில் உறவும் உண்டு. எனவே பாட்டுக்கு ஆட்சி எல்லை இல்லை என்பது இங்கு அணியுரையாகச் சொல்லப்படுவதன்று; களப்பணியாளர் முதலில் உணரவேண்டிய நடைமுறை உண்மை.

காரைக்கால் நகரம் இசையை அறியாத ஊரன்று. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. பதிகம் என்னும் வடிவத்துக்கே அவர் முன்னோடி என்பது இலக்கிய வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் கருத்து. ஆனி முழுநிலவை ஒட்டி மாங்கனித் திருவிழாவில் நகரமே அவரை நினைவுகூர்கிறது. நகரின் இந்த இசைப்பெருமைக்கும், அருகிலேயே அமைந்த கடலோர ஊர்களின் பாட்டு மரபுக்கும் இடையிலுள்ள தொலைவு நிலத்தில் மிகக் குறைவு. பாடத்திட்டத்தில் மிக அதிகம்.

நெய்தல் நிலத்துத் தொழிற்பாடல் அம்பா, ஏலப்பாட்டு, தோணிப்பாட்டு எனப் பல பெயர்களில் தமிழகத்துக் கடற்கரையிலும் ஈழத்துக் கடற்கரையிலும் வழங்குவது. ஏலேலோ என்னும் ஒலிக்குறிப்பைத் திருவள்ளுவர் காலத்து வணிகராகச் சொல்லப்படும் ஏலேலசிங்கரோடு இணைக்கும் கதை மக்களிடையே உண்டு. அது சொற்பிறப்பு ஆய்வுக்குத் துணைநிற்காவிடினும், பாட்டுக்கு ஒரு வரலாறு வேண்டும் என மக்கள் கருதியதைக் காட்டும் சான்றாகக் கொள்ளத்தக்கது. டெல்டாவின் வயற்பாடல்கள் அடைந்த கவனத்தைக் கடற்பாடல்கள் அடையவில்லை. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருச்சிற்றம்பலத்தைச் சேர்ந்த மு. அருணாசலம் 1943இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். பெர்சி மெக்குயின் என்னும் ஆங்கில அதிகாரி சேகரித்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, ‘மலையருவி’ 1958இல் தஞ்சை சரசுவதி மகால் வெளியீடாக வந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. இம்மூன்றும் துறைக்கு அடித்தளமிட்ட நூல்கள். தமிழ் நாட்டுப்புறவியல் முதலில் காதுகொடுத்தது மலைக்கும் வயலுக்கும் என்பது இத்தகைய தொகுப்புகளின் போக்கிலிருந்தே விளங்கும்.

கயிற்றில் இருந்த பாட்டு

கரைவலை இழுத்தலை எடுத்துக்கொள்ளலாம். படகு ஒன்று வலையைக் கடலுள் வளைத்து விட்டுத் திரும்பும். வலையின் இரு முனைக் கயிறுகளும் கரையில் இரு குழுக்களின் கையில் இருக்கும். இரு குழுவும் மணலில் பின்னோக்கி நடந்து இழுக்க, மீன் அகப்பட்ட மடி மெல்லக் கரையேறும். ஒரு குழு விரைந்து மற்றொன்று தளர்ந்தால் வலை கோணும், மீன் தப்பும். அலை பின்வாங்கும்போது இழுப்பதற்கும் அலை ஏறும்போது இழுப்பதற்கும் வேண்டிய ஆற்றல் வேறு. இந்தக் கணக்கைப் பாட்டே வைத்திருந்தது. ஒருவர் முன்பாட்டெடுப்பார், குழு ஏலேலோ என்றோ ஐலசா என்றோ ஏற்றுப்பாடும். இழுப்பு விழுவது பின்பாட்டின் அழுத்தத்தில். குழு இழுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் முன்பாட்டுக்காரர் அடுத்த அடியைக் கட்டிவிடவேண்டும். தெய்வம், ஊர்ப்பெயர், காற்றின் திசை, வலையுடையவரின் கஞ்சத்தனம், எதிரே வந்து நிற்கும் மீன் வாங்குநர் எனக் கண்ணில் பட்டதும் நெஞ்சில் பட்டதும் அடியாகும். வலை கனத்தால் பாட்டின் நடை தளரும். மடி கரைக்கு அண்மித்தால் நடை முடுகும். பாடலின் நீளத்தை முடிவுசெய்வது வலையே.

இங்ஙனம் நோக்கினால், அம்பாப் பாடலுக்கு நிலைத்த பனுவல் என ஒன்று இல்லை என்பது தெளிவாகும். ஒவ்வொரு இழுப்பிலும் புதிதாகக் கட்டப்படும் அடிகளும், மாறாத பின்பாட்டும், இரண்டுக்கும் இடையிலான காலக்கணக்குமே பாடல். அச்சுத் தொகுப்புகளில் இவற்றுள் முதலாவது மட்டுமே முழுமையாக இடம்பெறுகிறது. பின்பாட்டு தொடக்கத்தில் ஒருமுறை அச்சாகிப் பின்னர்ப் புள்ளிகளாகத் தேய்வதே பெரும்பான்மை வழக்கம். தாளையும் மையையும் மிச்சப்படுத்த வேண்டிய பதிப்பாளருக்கு அது பொருளற்ற திரும்பக்கூறல். இழுத்தவர்களுக்கோ அதுதான் பாடல். இடையில் வந்த அடிகள் மூச்சுவாங்கும் நேரத்தை நிரப்பியவை. பயிலரங்கு அச்சுத் தொகுப்பிலிருந்து வரிகளை எடுத்துத் திரையில் காட்டும்போது, இந்தத் தலைகீழ் மாற்றத்தையே மாணவர்க்குக் கற்பிக்கிறது.

இன்று காரைக்கால்மேட்டில் இந்தப் பாட்டுக்கு வேண்டிய தொழிற்சூழல் பெரிதும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் நிவாரணத்தின் வழியாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வந்தன, கட்டுமரம் ஒதுங்கியது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த இயந்திரமயமாக்கம் அதன்பின் முழுமை பெற்றது. துடுப்பு வலிக்காத படகில் வலிப்புப் பாட்டுக்கு வேலையில்லை. இயந்திர ஓசையில் முன்பாட்டு கேட்கவும் கேட்காது. முற்காலத்தில் பத்துப் பேர் தோள்கொடுத்துக் கரையேற்றிய கலத்தை இன்று பல ஊர்களில் டிராக்டர் இழுக்கிறது. இதனை இழப்பாக மட்டும் எழுதுவது ஆய்வாளர்களிடம் காணப்படும் ஒரு வழக்கம். தோளில் தழும்பேறிய ஒருவரிடம் சென்று, அந்தக் காலம் போயிற்றே என வருந்துவது அவருக்கு விந்தையாகவே தோன்றும். பாட்டு வேலையின் சுமையைக் குறைக்கப் பிறந்தது. சுமை வேறு வழியில் குறைந்தபோது பாட்டு விலகிக்கொண்டது. அதில் வருத்தத்துக்கு இடமுண்டு, குற்றஞ்சாட்ட இடமில்லை.

ஆகவே, தொழிலை மீட்டு அதன்வழிப் பாடலை மீட்பது என்னும் வழி மூடப்பட்டுவிட்டது. பாடலை மேடைக்குக் கொண்டுவருவது என்னும் வழியே எஞ்சுகிறது. மேடைக்கு எது வரவேண்டும் என்பதே சிக்கல்.

சேர்ந்து பாடுதலின் இரு வகை

சமூகப் பாடல் என்னும் கருத்து இந்தியக் கல்விச் சூழலில் 1980களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகத்தின் முயற்சியால் பரவியது. பல இந்திய மொழிப் பாடல்களை மாணவர் நூற்றுக்கணக்கில் கூடி ஒரே குரலாகப் பாடுவது அதன் வடிவம். தமிழ்நாட்டில் இவ்வகைச் சேர்ந்திசைக்கு உருவம் கொடுத்தவர் எம்.பி. சீனிவாசன். திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவரும் இடதுசாரி இயக்கத்தோடு தொடர்புடையவருமான அவர், சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் வழியாகப் பாரதி பாடல்களைப் பல குரல் இசையாக அமைத்தார். 1988இல் அவர் மறைந்த பின்னரும் அம்மரபு தொடர்கிறது. தனிக்குரல் வழிபாட்டில் தோய்ந்த தமிழ் இசைச்சூழலில், பெயரறியாப் பலர் சேர்ந்து நிற்பதன் அழகை நிறுவியது அவருடைய பெரும்பணி.

ஆயினும் சேர்ந்திசைக்கும் அம்பாவுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. சேர்ந்திசையில் பாடல் முன்னரே எழுதப்பட்டது, அனைவரும் அறிந்தது, நன்றாகப் பாடுதல் என்பது வழுவாமல் பாடுதல். அம்பாவில் அடுத்த அடி யாது என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும். சில வேளைகளில் அவருக்கும் தெரியாது. குழு அவரை நம்பிக் கயிற்றைப் பிடித்திருக்கிறது. அவர் குழுவின் மூச்சை அளந்து அடியைக் கட்டுகிறார். அவர் தடுமாறினால் குழு பின்பாட்டை இருமுறை பாடி அவருக்கு நேரம் கொடுக்கும். ஒரே குரலாதல் அதன் நோக்கமில்லை. பயிலரங்குகள் பெரும்பாலும் சேர்ந்திசையின் முறையை எடுத்துக்கொண்டு அதில் நாட்டுப்புறப் பாடலின் சொற்களை இட்டு நிரப்புகின்றன. இதன் விளைவாக மாணவர்கள் ஓர் அம்பாப் பாடலை மனப்பாடமாகப் பாடக் கற்கின்றனர். அம்பா பாட ஒருபோதும் கற்பதில்லை.

மாற்றாகச் செய்யத்தக்கது கடினமானதன்று. அரங்கில் திரைக்குப் பதிலாக ஒரு கயிறு வேண்டும். கயிற்றின் மறுமுனையில் உண்மையிலேயே கனமான ஒன்று வேண்டும். ஊர் முதியவர் ஒருவர் முன்பாட்டெடுக்க, மாணவர் இழுத்துப் பின்பாட்டுப் பாடவேண்டும். சிறிது நேரத்துக்குப் பின் முதியவர் பின்பாட்டுக்கு வந்துவிட, மாணவர் ஒருவர் முன்பாட்டெடுக்கவேண்டும். அவர் கட்டும் அடியில் அவருடைய பேருந்துப் பயணமும் பருவத்தேர்வும் வரலாம், வரட்டும். முதியவர்கள் சிரிப்பார்கள், திருத்துவார்கள். சொல்லைவிடக் காலக்கணக்கையே அவர்கள் திருத்துவார்கள் என எதிர்பார்க்கலாம். அந்தத் திருத்தம்தான் பயிலரங்கின் பாடம். தூய்மை நோக்குடையோர் இதனைக் கலப்படம் எனக்கூடும். ஆனால் புதிய அடி கட்டப்படாத தொழிற்பாடல் ஒருகாலத்திலும் இருந்ததில்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியராக விளங்கி 2016இல் மறைந்த கே.ஏ. குணசேகரன், நாட்டுப்புற இசையை மேடைக்குக் கொண்டுவந்தபோது புதிய அரசியல் உள்ளடக்கத்தை அதில் ஏற்றத் தயங்கவில்லை. மேடை வயலாகாது என்பதை அறிந்தே அவர் மேடையைப் பயன்படுத்தினார். அவர் பணியாற்றிய ஒன்றியப் பகுதியிலேயே அமைந்த ஊருக்கு அந்தத் துணிவு பொருந்தாமற் போகாது.

இங்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரியை நினைவுகூர்வது தகும். காரைக்காலுக்கு வடக்கே இதே கடற்கரையில் அமைந்த புகாரில், இந்திரவிழாவின் இறுதியில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் அமர்ந்து யாழிசையோடு வரிப்பாடல் பாடுகின்றனர். பாடலின் மாந்தர் நெய்தல் நிலத்தவர். பாடுவோர் ஒரு வணிகனும் ஓர் ஆடல்மகளும். நெய்தல் மாந்தரின் குரலில் அமைந்த பாடலை ஒருவர் பாட, மற்றவர் அதனைப் பாடுபவரின் சொந்த நெஞ்சாகப் படிக்கிறார். பிரிவு அங்குத் தொடங்குகிறது. காப்பியத்தில் இது ஊழின் வாயில் எனப்படும். பாட்டியல் நோக்கில், நிலம் மாறிய பாட்டு பொருளும் மாறும் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் பழைய காட்சிகளுள் இதுவும் ஒன்று. பரதவர் பாட்டைப் பரதவரல்லாதார் பாடுவது தவறென இளங்கோவடிகள் கூறவில்லை. பாடும்போது அது வேறொன்றாகிவிடும் என்பதைக் காட்டியிருக்கிறார். மருத்துவக் கல்லூரி விழாவிலும் தொலைக்காட்சிப் போட்டியிலும் ஏலேலோ ஒலிக்கும்போது இந்த வேறாதல் நிகழ்ந்துகொண்டேயிருக்கிறது. அதனைத் தடுக்க இயலாது. பல்கலைக்கழகப் பயிலரங்கு அதனை அறிந்து செய்யவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் ஊர்மக்களும் இணைந்து முன்னெடுத்த அவ்விழா, சபாக்களில் அடைபட்ட கருநாடக இசையையும் பரதத்தையும் மீனவக் குப்பத்துக்குக் கொண்டுசென்று, பறையாட்டம் போன்ற கலைகளோடு ஒரே மேடையில் நிறுத்தியது. கலைகளுக்கிடையிலான சாதிச் சுவரைப் பேசுபொருளாக்கியதில் அதன் பங்கு பெரிது. எனினும் அங்குக் குப்பம் முதன்மையாக மேடையாகவும் அவையாகவும் அமைந்தது. கற்பிக்கும் இடமாக அமைந்தது குறைவு. காரைக்கால்மேட்டில் நிகழவேண்டிய பயிலரங்கு இதன் மறுபக்கமாக அமையலாம்: கேட்க வருவோர் பல்கலைக்கழகத்தார், ஆசிரியர் ஊரார்.

கேட்கக் கூடாத பாட்டு

பெண்கள் பாடல்களின் நிலை வேறு. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் கட்டுமரத்தையோ கரைவலையையோ சார்ந்தவை அல்ல. எனவே தொழிற்பாடல் மங்கிய ஊரிலும் இவை வாழ்கின்றன. சேகரிப்பாளர்க்குக் கிடைக்கும் பாடல்களில் பெரும்பகுதி பெண்களிடமிருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றுள் ஒப்பாரியே ஆய்வேடுகளில் அதிகம் போற்றப்படுவது. கவித்துவத்தால் அது அப்போற்றுதலுக்கு உரியதே. பயிலரங்கிலும் ஒரு ஒப்பாரியேனும் பாடச்சொல்லிக் கேட்பது மரபாகியுள்ளது. கேட்போர் கண்கலங்குவர்; நிகழ்ச்சி சிறப்புற்றதாகக் கருதப்படும்.

சாவு நிகழாத இடத்தில் ஒப்பாரி பாடலாகாது என்னும் நம்பிக்கை தமிழகமெங்கும் உண்டு. இதனைக் களப்பணியில் கடக்கவேண்டிய தடையாகவே முறையியல் வகுப்புகளில் கற்பிக்கிறோம்: வீட்டுக்கு வெளியே அழைத்துச் சென்று பாடச்செய்க, தோப்பில் அமர்ந்து பதிவுசெய்க என அறிவுரைகள் உண்டு. அத்தடை ஏன் உள்ளது எனக் கேட்பதைவிட, அதனை எங்ஙனம் தாண்டுவது எனக் கேட்பதே எளிதாக இருந்திருக்கிறது.

காரைக்கால்மேட்டில் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஆழிப்பேரலையால் மிகக் கொடிய இழப்பை எய்தியது காரைக்கால் மாவட்டம். அதிலும் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற கடலோர ஊர்கள். நாகை, காரைக்கால் கடற்கரையில் இறந்தோருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பலர் ஒரே குழியில் கூட்டாகப் புதைக்கப்பட்டனர். ஒப்பாரி என்பது உடலின் அருகமர்ந்து, இறந்தவரை உறவுமுறை சொல்லி விளித்து, அவர்க்கும் பாடுபவர்க்கும் இருந்த உறவை ஊரறியச் சொல்லும் முறை. உடல் கிடைக்காதபோதும், கிடைத்த உடலை அடையாளம் காணுமுன் மண்ணிட நேர்ந்தபோதும், பாடவேண்டியவரே இறந்துபோனபோதும் அம்முறை நிகழவே இல்லை. பாடி முடிக்கப்படாத ஒப்பாரிகள் இக்கடற்கரையில் எத்தனை என்பதை எந்தத் தொகுப்பும் எண்ணமுடியாது. இத்தகைய ஊரில், வந்திருக்கும் விருந்தினர்க்காக ஓர் ஒப்பாரி பாடிக்காட்டுங்கள் எனக் கேட்பது எதனைக் கேட்பதாகும் என்பதை அழைப்பிதழ் அச்சிடுமுன் சிந்திக்கவேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலிமையானதே. இன்று அறுபது, எழுபது வயதிலிருக்கும் பெண்களோடு இப்பாடல்கள் மறைந்துவிடும். இப்போது பதிவுசெய்யாவிடின் பின்னர்ப் பதிவுசெய்ய எதுவும் இராது என்பது அது. ஆவணப்படுத்தலின் தேவையை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் ஆவணமும் பயிலரங்கும் ஒன்றல்ல. ஒரு பெண் தானே விரும்பி, தான் நம்பும் ஒருவர் முன், தான் தேர்ந்த நேரத்தில் பாடுவதைப் பதிவுசெய்வது ஆவணம். நிரல் அச்சிட்டு, பதினொன்றரை மணிக்கு ஒப்பாரி எனக் குறித்து, நூறு பேர் முன் பாடவைப்பது வேறு. முன்னதில் மறுக்கும் உரிமை இயல்பாக உள்ளது. பின்னதில் மேடையில் நின்றுகொண்டு மறுக்கவேண்டியுள்ளது. இசைவு பெறும் முறையிலும் ஒரு குறை உண்டு. கடலோர ஊர்களில் எந்த நிகழ்வுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாரின் ஒப்புதல் பெறுவது முறை; அது பெறப்படவேண்டியதே. ஆனால் அவ்வமைப்பு மரபாக ஆண்களைக் கொண்டது. ஊர் இசைந்தது என்பதால் பாடும் பெண் இசைந்தார் என்றாகாது.

இக்கருத்தைத் தாலாட்டுக்கு நீட்டவேண்டியதில்லை. தாலாட்டைக் கேட்கலாம், கற்கலாம், அதனைப் பாட வீட்டில் குழந்தை இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. மீன்கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் பெண்களின் நகைச்சுவைப் பாடல்களும் விடுகதைப் பாடல்களும் பயிலரங்குக்கு மிக ஏற்றவை; இதுவரை கவனம் பெறாதவையும்கூட.

உதவியவரும் கற்பித்தவரும்

பெயரிடுதல் பற்றியும் சில சொற்கள் தேவை. நா. வானமாமலை தம் தொகுப்பில் பாடலின் அடியில் சேகரித்தவர் பெயரையும் இடத்தையும், பாடலைத் தந்தவரை ‘உதவியவர்’ என்னும் தலைப்பில் அவர் பெயரையும் குறிக்கும் முறையைக் கையாண்டார். பாடலை யாருக்கும் உரியதல்லாத பொதுப்பொருளாக அச்சிடும் வழக்கோடு ஒப்பிட இது நேர்மையான முன்னேற்றம். இன்றைய ஆய்வேடுகள் அதிலிருந்து ஒரு படி முன்னேறினவா என்பது ஐயமே. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் இடம்பெறும். பெயர், வயது, தொழில், கல்வி எனக் கட்டங்கள் இருக்கும். இருநூறு பாடல் அறிந்த ஒருவரின் பெயருக்கு எதிரே, கல்வி என்னும் கட்டத்தில் ‘இல்லை’ என எழுதப்படும். தமிழ்த்துறை ஒன்றின் ஆய்வேட்டில் இதைவிட முரணான ஒரு சொல் இருத்தல் அரிது.

பயிலரங்கில் பாடவரும் முதியவர் பயிற்றுநராக அழைக்கப்படவேண்டும். பயிற்றுநர்க்கு வழங்கும் மதிப்பூதியமே அவர்க்கும் வழங்கப்படவேண்டும். பொன்னாடை அதற்கு ஈடாகாது. பெரும்பாலான வீடுகளில் அது பெட்டியில் மடித்துவைக்கப்பட்டுக் கிடப்பது. ஒலிப்பதிவின் படி ஒன்று ஊரிலேயே, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ இருக்கவேண்டும். அதனைக் கேட்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதவேண்டிய நிலை பாடியவரின் பேரனுக்கு ஏற்படலாகாது.

காலமும் இடமும் ஊரின் நாட்காட்டியைச் சார்ந்தவை. கல்வியாண்டு நிதி மார்ச்சு மாதத்துக்குள் செலவிடப்படவேண்டும் என்பதால், பயிலரங்குகள் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் குவிகின்றன. அப்போது மீனவர்கள் கடலில் இருப்பர். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள். படகுகள் கரையில் பழுதுபார்க்கப்படும். வலைபின்னும் கூடத்தில் நாள்முழுதும் ஆட்கள் இருப்பர். வேலையும் உண்டு, பேச நேரமும் உண்டு. வருமானமில்லாத காலமாதலால் மதிப்பூதியத்துக்கும் அப்போது பொருளுண்டு. கூடத்தில் வலைபின்னிக்கொண்டே முதியவர் பாடலாம். மாணவர் கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் ஏற்றிக் கொடுக்கலாம். கயிறு இழுக்கும் பகுதிக்கு மாலைநேர மணல் போதும். சூன் 14 நள்ளிரவுக்குப் பின் படகுகள் புறப்பட்டுவிடும். அதன்பின் ஊரில் பகலில் இருப்போர் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும். பெண்கள் பாடல்களுக்கான அமர்வை அந்தக் கிழமைகளில், ஆண் பேராசிரியர்கள் இல்லாமல், பெண் ஆய்வாளர்களை மட்டும் கொண்டு, வீட்டுத் திண்ணையில் நடத்துவது நலம். நிரலில் தாலாட்டு, கும்மி, சந்தைப் பாட்டு ஆகியவற்றைக் குறிக்கலாம். பதிவுக்கருவி பைக்குள் இருக்கட்டும். யாரேனும் ஒருவர் அதனை எடுக்கச் சொன்னால் எடுக்கலாம்.